குடியை நிறுத்த விரும்புவோரின் கூட்டங்கள்: சிங்கப்பூரில் ஏழு மாதங்கள் சென்றுவந்தவரின் மதிப்பீடு

இந்த மதிப்பீட்டில் இரண்டு விவரங்களை வாசகர் எதிர்பார்க்க வேண்டாம். ஒன்று என் பெயர். மற்றொன்று, கூட்டங்களில் பிறர் சொல்லக் கேட்டவை. யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை அறைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கு வந்து உட்காரும் அனைவரும் ஒப்புக்கொள்ளும் முதல் ஒழுங்கு. ஆகவே கதவைத் திறந்து உள்ளே நுழையும் எவரும் காணக்கூடிய இடம், நேரம், மொழி, நடைமுறை, செலவு ஆகியவற்றையும் எனக்குள் நடந்தவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். உணவகத்துக்கும் கைப்பேசிக்கும் பக்கம் பக்கமாக மதிப்பீடு எழுதும் நாம் இதற்கு எழுதாமலிருப்பதற்கு வெட்கமே காரணம் என்று நினைக்கிறேன். நானும் எழுத உட்காருவதற்கு மூன்று மாதம் தயங்கியவன்தான்.

எனக்கு வயது 52. துவாஸில் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எங்கள் புளோக்கின் கீழுள்ள காப்பிக்கடையில் பியர். கடைசி நான்கு ஆண்டுகள் வீட்டிலேயே விஸ்கி. வேலைக்கு ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை என்பதை வைத்துக்கொண்டே எனக்குச் சிக்கல் எதுவுமில்லை என்று வீட்டில் வாதாடி வந்தேன். இந்த ஏழு மாதங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் ஏஏ அமைப்பின் ஆங்கிலக் கூட்டங்களே அவற்றில் பெரும்பாலானவை. தமிழ்நாட்டிலிருந்து இணையவழி நடக்கும் அதே அமைப்பின் தமிழ்க் கூட்டங்களும், ஸ்மார்ட் ரிக்கவரி என்னும் வேறொரு முறையைப் பின்பற்றும் குழுவும் மற்றவை.

கூட்டங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, அவற்றால் செய்ய இயலாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் உடல் அதைச் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை காய்ச்சல், உடல் நடுக்கம், இல்லாதவற்றைக் காண்பது, இடமும் நேரமும் தெரியாமல் போவது ஆகியவை சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மன உறுதி இருந்தால் போதும் என்று நம்மவர்கள் தரும் அறிவுரை இந்த இடத்தில் தவறானது. நான் முதலில் சென்றது மருத்துவரிடம். நடுக்கத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளையும் தயமின் என்னும் பி1 வைட்டமினையும் ஒரு வாரம் எடுத்துக்கொண்ட பிறகே கூட்டத்துக்குச் சென்றேன். சிங்கப்பூரில் இதற்கென்றே மனநலக் கழக வளாகத்தில் நாம்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசிய அடிமைப்பழக்க நிர்வாகச் சேவை 2008ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. அந்த வளாகம் இருக்கும் புவாங்கோக் என்றாலே நம் சமூகத்தில் எழும் மனநோய் பற்றிய பழைய கேலிப்பேச்சை மறந்துவிட்டு அங்கே செல்லலாம். குடி, போதைப்பொருள், சூதாட்டம் எதுவானாலும் ஒரே உதவித் தொலைபேசி எண்தான்: 6732 6837.

இனி, கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. இது எளிதானதா என்று கேட்டால், தகவல் கிடைப்பது எளிது, சரியான தகவல் கிடைப்பதற்குச் சற்று மெனக்கெட வேண்டும் என்பேன். ஏஏ அமைப்பின் சிங்கப்பூர் இணையத்தளத்தில் கிழமை, நேரம், இடம் வாரியாகப் பட்டியல் இருக்கிறது. உலகெங்குமுள்ள கூட்டங்களை இருக்குமிடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் மீட்டிங் கைடு என்னும் இலவசச் செயலியும் உண்டு. அதன் சின்னத்தில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது. புட்டியோ குடியோ எங்கும் இல்லை. என் மகள் என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தபோது நான் நாற்காலி வாங்கப் போகிறேன் என்றே நினைத்துக்கொண்டாள்.

ஆனால் பட்டியலை மட்டும் நம்பிப் போகக் கூடாது என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டேன். ஒரு குழுவின் விவரம் எங்கோ பழையதாகக் கிடந்தது. அதை நம்பி வேலை முடிந்து ஒன்றேகால் மணி நேரம் ரயிலிலும் பேருந்திலும் பயணம் செய்து, பூட்டிய கதவின் முன்னால் இருபது நிமிடம் நின்றேன். கூட்டம் வேறு கட்டடத்துக்கு மாறி மாதங்கள் ஆகியிருந்தன. எதிரே காப்பிக்கடை இருந்தது. அன்றிரவு நான் அங்கே உட்காராமல் வீட்டுக்குப் போனது என் பலத்தால் அல்ல, பையில் குடை இல்லாதபோது மழை வரும்போல் இருந்ததால் என்றே இன்றும் நம்புகிறேன். எனவே முதன்முறை செல்கிறவர் புறப்படுவதற்கு முன்பு தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. பொது விடுமுறை நாள்களில் கட்டாயம் கேட்டுவிட வேண்டும்.

பட்டியலில் திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரு வகை இருக்கும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினர், மாணவர், அறிய விரும்புவோர் எவரும் வரலாம். மூடிய கூட்டம், குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டும். அந்த விருப்பத்தைத் தவிர உறுப்பினராவதற்கு வேறு தகுதி எதுவும் கேட்பதில்லை. பதிவேடும் இல்லை, அடையாள அட்டையும் காட்ட வேண்டியதில்லை. எதற்கெடுத்தாலும் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் கேட்கும் ஊரில் இது எனக்கு முதலில் ஐயத்தையே தந்தது.

இன்னொரு ஐயம் என் அம்மாவுக்கு வந்தது. நான் சென்ற அறைகளில் சில தேவாலயக் கட்டடங்களின் பின்புறம் இருந்தன. "அங்க போய் மதம் மாத்திடுவாங்களாப்பா?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவே. எந்த மதத்தோடும் கட்சியோடும் நிறுவனத்தோடும் அமைப்புக்குத் தொடர்பில்லை என்பது ஒவ்வொரு கூட்டத்தின் தொடக்கத்திலும் வாசிக்கப்படுகிறது. ஏழு மாதத்தில் எவரும் என்னிடம் மதம் பேசியதில்லை. திருநீறு பூசிக்கொண்டு போன நாளிலும் ஒருவரும் உற்றுப் பார்த்ததில்லை.

ஒரு சராசரிக் கூட்டம் ஒரு மணி நேரம் நடக்கிறது. மடக்கு நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போடப்பட்டிருக்கும். மேசையில் வெந்நீர்க் கொதிகலன், உடனடிக் காப்பிப் பொட்டலங்கள், பிஸ்கட். காப்பியைப் பற்றி உண்மையைச் சொன்னால், நம் காப்பிக்கடையின் கோப்பி ஓ குடித்துப் பழகிய நாக்குக்கு அது தண்டனை. ஒருவர் தலைமையேற்றுச் சில பகுதிகளை வாசிப்பார். ஒருவர் தம் அனுபவத்தைச் சற்று விரிவாகப் பேசுவார். பிறகு விரும்பியவர்கள் ஆளுக்குச் சில நிமிடம். ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பதில் சொல்வதில்லை, அறிவுரை தருவதில்லை, குறுக்கே கேள்வி கேட்பதில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. என் குடியைப் பற்றி நான் வாயைத் திறந்து அறிவுரை திரும்பி வராத முதல் இடம் அது.

இந்த ஒழுங்குக்கு வயது தொண்ணூறுக்கு மேல். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பங்குச் சந்தைத் தரகரான பில் வில்சனும் அறுவை மருத்துவரான பாப் ஸ்மித்தும் சந்தித்துப் பேசியதில் தொடங்கியது. ஊர்ப் பயணத்தில் தனித்திருந்த வில்சனுக்குக் குடிக்கும் ஆசை எழுந்தபோது, அவர் தேடியது மருத்துவரை அல்ல, தம்மைப் போலவே குடியால் அவதிப்படும் இன்னொருவரை. இன்றுவரை முறையின் உயிர் அதுதான்: குடித்தவன் குடித்தவனிடம் பேசுவது. அதில் என்ன பயன் என்று ஏளனமாக நினைத்தவர்களில் நானும் ஒருவன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்து, குடியை முற்றாக விட்டு அப்படியே நீடிப்பதில் இம்முறையும் இதில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சையும் மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, பல அளவுகோல்களில் அவற்றைவிட மேலானவை என்று கண்டது. எண்களை நம்புகிற என் தொழிலில் இது எனக்கு உதவியது.

மொழியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் நேரில் சென்ற கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. பல நாட்டவர் வருகிறார்கள். பேச்சு வேகமாகவும் சில நேரங்களில் நகைச்சுவையாகவும் போகும். அங்கே பேசத் தொடங்குபவர் தம் முதற்பெயரைச் சொல்லி, ஐ ஆம் அன் ஆல்கஹாலிக் என்பது வழக்கம். கட்டாயம் இல்லை, இருந்தும் இரண்டாவது கூட்டத்திலேயே நான் சொல்லிவிட்டேன். சொல்வது இவ்வளவு எளிதா என்று வியந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அந்த எளிமையில்தான் கோளாறு இருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை நான் வாழ்க்கையில் யாரிடமும் கேட்டு அவமானப்பட்டதில்லை. என் மனைவி அழுதுகொண்டு சொன்ன சொல் அது அல்ல. கல்யாண வீட்டில் முதுகுக்குப் பின்னால் கேட்ட சொல்லும் அது அல்ல. பணிமனைப் பாதுகாப்புப் பயிற்சியில் விதிகளை ஒப்பிப்பதைப் போல அதை ஒப்பித்துவிட்டு, மனத்தளவில் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன். ஒன்பதாவது வாரத்தில் மறுபடி குடித்தேன்.

அதன் பிறகுதான் தமிழ்நாட்டிலிருந்து ஜூம் வழியாக நடக்கும் ஒரு கூட்டத்தில் சேர்ந்தேன். அங்கே இந்திய நேரப்படி இரவு 8 மணி; இங்கே 10.30. இந்த 10.30க்கு இன்னொரு பொருளும் உண்டு. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மதுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை கடைகளில் மதுவை வாங்கிச் செல்ல முடியாது. பொது இடத்தில் குடிக்கவும் முடியாது. எனக்கு அந்த நேரம் நன்றாகப் பழக்கம். 10.20க்கு மின்தூக்கியில் இறங்கிக் கடைக்கு ஓடிய இரவுகள் பல. இப்போது அதே நேரத்தில் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் உட்காருகிறேன். கூட்டம் முடியும்போது நள்ளிரவை நெருங்கிவிடும். மறுநாள் ஆறு மணிப் பேருந்துக்கு அது உவப்பானதல்ல.

தமிழ்க் கூட்டத்தில் பயன்படும் சொல் குடிநோயாளி. குடிகாரன் என்ற வசைக்கும், ஆல்கஹாலிக் என்ற உறைக்காத சொல்லுக்கும் நடுவே அது நிற்கிறது. குற்றத்தை நோயென்று சொல்லித் தப்பிக்கவிடுவதாகச் சிலர் குறை கூறலாம். என் அனுபவம் நேர்மாறானது. முதல் நாள் என் முறை வந்தபோது ஒலிவாங்கியைத் திறந்து பெயரைச் சொன்னேன், அடுத்த சொல் வரவில்லை. ஏறத்தாழ ஒரு நிமிடம் எவரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு ஒருவர், "பரவாயில்ல அண்ணே, நாளைக்கும் கூட்டம் இருக்கு" என்றார். அந்தச் சொல்லை நான் சொன்னது நான்காவது கூட்டத்தில். ஆங்கிலக் கூட்டம் என்னைக் கதவுக்குள் அழைத்துச் சென்றது. உள்ளே உட்கார வைத்தது தமிழ்க் கூட்டம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என்னால் முடியாது. திரையில் தெரியும் முகத்தால், நடுங்கும் கையில் காப்பிக் கோப்பையை வைக்க இயலாது. நேரில் இருப்பவரால் என் அப்பாவின் குடியை என் மொழியில் கேட்க இயலாது.

விடுதிகளில் தங்கி வேலை செய்யும் தமிழ்நாட்டு இளைஞர்களுக்கு இணையத் தமிழ்க் கூட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஞாயிறு ஒன்றே விடுமுறை, ஆங்கிலம் தடுமாற்றம், ஊருக்குத் தெரிந்தால் மானம் போகும் என்ற அச்சம் மூன்றையும் அது தாண்டிவிடுகிறது. எட்டு பேர் படுக்கும் அறையில் தனியாகப் பேச இடம் தேடுவதுதான் சிரமம். படிக்கட்டில் உட்கார்ந்து கலந்துகொள்பவர்களும் உண்டு. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

ஏஏ முறையில் எனக்கு இடறிய இடம் கடவுள் அல்ல. பன்னிரண்டு படிகளில் கடவுள் பல முறை வருகிறார். ஆயினும் அவரவர் புரிந்துகொண்டபடி என்ற சேர்க்கையும் இருப்பதால், சிறுவயதிலிருந்து முருகனைக் கும்பிட்டவனுக்கு அதில் சிக்கலில்லை. முதற்படியில்தான் நின்றுபோனேன். மதுவின் முன் நாம் ஆற்றலற்றவர்கள் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கிடங்கில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவன் எப்படி ஒப்புக்கொள்வான்? இதைத் தீர்த்துவைத்தவர் எனக்கு ஸ்பான்சராக அமைந்த பெரியவர். ஸ்பான்சர் என்பவர் நம்மைவிட நீண்ட காலம் குடியாமலிருந்து, படிகளில் நமக்குத் துணைவருபவர். ஊதியம் எதுவும் பெறுவதில்லை. நடுராத்திரியில் அழைத்தாலும் எடுக்கிறார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

படிகளும் கடவுளும் வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி ஏற்றது. 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய இம்முறை, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் உளவியல் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது. பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்துவார், ஒருவர் பேச்சுக்கு மற்றவர் பதில் சொல்லலாம், ஸ்பான்சர் கிடையாது, உங்களுக்கு எந்தப் பட்டத்தையும் சூட்டிக்கொள்ள வேண்டியதில்லை. குடித்தால் கிடைப்பது, இழப்பது, குடிக்காவிட்டால் கிடைப்பது, இழப்பது என்று நான்கு கட்டம் வரைந்து நிரப்பச் சொன்னார்கள். கிடங்கு இருப்புக் கணக்கைப் போல அதை நிரப்பினேன். என்னைப் போன்ற கணக்குப்பிள்ளை மனத்துக்கு அது மிகப் பிடித்தது. ஆனால் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அவரவர் வழியில் போய்விட்டார்கள். நான் உட்கார்ந்த குழுவில் அப்படி. மற்ற குழுக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். குழுவோடு தனிப்பட்ட ஆலோசனையும் வேண்டுவோர், அடிமைப்பழக்கங்களுக்கென்றே இயங்கும் வீ கேர் சமூக சேவை அமைப்பை விசாரிக்கலாம்; அங்கே குடும்பத்தினருக்கும் இடமுண்டு.

தெரிந்தவர் பார்த்துவிட்டால்? இந்த ஒரு கேள்வியாலேயே போகாதிருப்பவர்கள் ஏராளம் என்பது என் ஊகம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர்தான். தேக்காவில் வெற்றிலை வாங்கினாலே நான்கு உறவினர் கண்ணில் படும் சமூகம் இது. எனக்கும் அது நடந்தது. மூன்றாம் மாதத்தில் அறைக்குள் நுழைந்தவர் எனக்கு முகம் தெரிந்தவர். இருவரும் ஒரு நொடி திகைத்தோம். பிறகுதான் உறைத்தது, அவர் என்னைப் பார்த்த அதே நாற்காலி வட்டத்தில் அவரும்தானே உட்கார வந்திருக்கிறார். வெளியில் சந்திக்கும்போது முன்பு எப்படிப் பேசினோமோ அப்படியே பேசிக்கொள்கிறோம்.

செலவுக் கணக்கு எளியது. கட்டணம் இல்லை. நடுவில் ஒரு பை சுற்றி வரும். விரும்பினால் போடலாம், புதிதாக வந்தவர் போட வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறார்கள். வெளியிலிருந்து நன்கொடை பெறுவதில்லை என்பது அமைப்பின் மரபு. வாடகையும் அந்த மோசமான காப்பியும் அந்தப் பையிலிருந்தே. நான் இரண்டு வெள்ளி போடுகிறேன். முன்பு ஒரு மாலைக்கு ஆன செலவை இங்கே எழுதினால் என் மனைவி படித்துவிடக்கூடும்.

குறைகள் உண்டு. நான் சென்ற இடங்களில் தமிழ்க் கையேடு ஒன்றைக்கூட மேசையில் பார்த்ததில்லை. சுழற்சி முறையில் இரவு வேலை பார்ப்பவருக்குப் பொருந்தும் நேரங்கள் குறைவு. ஒரு குழுவில் பழையவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, புதியவன் காப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். மறுபடி அங்கே போகவில்லை. ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் ஆறு கூட்டங்களாவது மாற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறார்கள். அது சரியான யோசனை, குழுவுக்குக் குழு அவ்வளவு வேறுபாடு இருக்கிறது. கூட்டம் முடிந்து எல்லோருமாகச் சாப்பிடப் போகும் வழக்கம் நல்லதுதான். ஆனால் போவது காப்பிக்கடைக்கு. பக்கத்து மேசையில் பனிக்கட்டி போட்ட வாளியில் பியர் புட்டிகள். ஒருமுறை பியர் விற்கும் அக்கா எனக்கு வழக்கமானதைக் கொண்டுவரட்டுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார். என்னோடு வந்த மூவரும் ஒரே குரலில் எனக்குத் தே ஓ, அதாவது பாலில்லாத தேநீர், சொன்னார்கள்.

குடும்பத்தினருக்கான அல்-அனான் பற்றி நான் மதிப்பீடு எழுத முடியாது. அது குடித்தவர்களுக்கானது அல்ல. வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் முன்நின்று அமைத்தது அது. "குடிச்சது நீங்க, கூட்டத்துக்கு நான் ஏன் போகணும்?" என்று என் மனைவி ஐந்து மாதம் மறுத்துவந்தார். ஆறாவது மாதம் ஒரு சனிக்கிழமை, நான் ஒன்றும் சொல்லாமலேயே புடவையை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். கட்டடத்தின் கீழே காத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கண்கள் சிவந்து, ஆனால் நடையில் ஒரு நிதானத்தோடு இறங்கி வந்தார். ரயிலில் இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"உங்க கூட்டத்துல பேசினதை நீங்க என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.